கண்ணிவாரிக் கப்பல் 'பெங்கால்'

எதிரி கடலில் போட்டுவைத்த கண்ணிவெடிகளை அகற்றிச் சரக்குக் கப்பல்களுக்கு வழி திறந்துவிடுவது கண்ணிவாரிக் கப்பலின் வேலை. 1917-இல் 'வுல்ஃப்' என்ற ஜெர்மன் கப்பல் பம்பாய்க்கும் கொழும்புக்கும் அருகே ரகசியமாகக் கண்ணிகளைப் போட்டதில் பல கப்பல்கள் மூழ்கின. இரண்டாம் உலகப் போரின்போது ராயல் இந்தியக் கடற்படைக்காக 'பாதர்ஸ்ட்' வகைக் கண்ணிவாரிகள் நான்கு ஆஸ்திரேலியாவில் கட்டப்பட்டன: பஞ்சாப், மெட்ராஸ், பம்பாய், பெங்கால்.

சிட்னியின் காக்கட்டூ கப்பல் கட்டும் தளத்தில் உருவான பெங்கால் 1942 மே மாதம் நீரில் இறங்கி, ஆகஸ்டில் பணியில் சேர்ந்தது. நீளம் 57 மீட்டர். நாமக்கல்லில் கூடு கட்டும் பெரிய லாரிகள் ஐந்தாறை வரிசையாக நிறுத்தினால் வரும் நீளம். எடை சுமார் 650 டன். நீராவி எஞ்சினில் ஓடிய இதன் வேகம் மணிக்கு 28 கிலோமீட்டர்.

நங்கூரக் கண்ணி என்பது கடல் தரையில் கிடக்கும் எடையோடு வடத்தால் கட்டப்பட்டு, நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே நிற்கும் வெடிகுண்டு. கண்ணிவாரி தன் பின்னால் நீண்ட எஃகு வடத்தை இழுத்துச் செல்லும். மிதவையும் பலகையும் அந்த வடத்தைக் கப்பலின் பக்கவாட்டில் விரித்துப் பிடிக்கும். அதிலுள்ள வெட்டிகள் கண்ணியின் வடத்தை அறுத்ததும் குண்டு மேலே மிதந்து வரும். மாலுமிகள் அதைத் தொலைவிலிருந்து சுட்டு அழிப்பார்கள். கப்பல் இரும்பின் காந்தத்தை உணர்ந்து வெடிக்கும் காந்தக் கண்ணிக்கு வடம் உதவாது. மின்சாரம் பாயும் கேபிளை இழுத்துச் சென்று, கப்பலுக்கு வெகு பின்னாலேயே அதை வெடிக்கச் செய்வார்கள்.

போர்க்காலத்தில் இக்கப்பல்கள் காவலுக்கும் சென்றன. 1942 நவம்பர் 11 அன்று, கோகோஸ் தீவுகளுக்குத் தென்மேற்கே, 'ஒண்டினா' என்ற டச்சு எண்ணெய்க் கப்பலுக்குத் துணையாகச் சென்ற பெங்காலை இரண்டு ஜப்பானியப் போர்க்கப்பல்கள் மறித்தன. ஒவ்வொன்றும் பத்தாயிரம் டன்னுக்கு மேல். பீரங்கிகள் 140 மில்லிமீட்டர். பெங்காலிடம் இருந்ததோ ஒரே ஒரு 76 மில்லிமீட்டர் பீரங்கி. ஒண்டினாவைத் தப்பிப் போகச் சொல்லிவிட்டு, கேப்டன் வில்லியம் வில்சன் எதிரியை நோக்கிக் கப்பலைத் திருப்பினார். ஒண்டினாவும் தன் ஒற்றைப் பீரங்கியால் சுட்டது. ஜப்பானியக் கப்பல்களில் ஒன்றான 'ஹோகோகு மாரு' குண்டு பட்டுத் தீப்பிடித்து, வெடித்து மூழ்கியது. அது எந்தக் கப்பலின் குண்டு என்பதில் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. குண்டுகள் கிட்டத்தட்டத் தீர்ந்துபோன பெங்கால், சேதத்துடன் ஆனால் உயிரிழப்பின்றி, டீகோ கார்சியா தீவுக்குப் போய்ச் சேர்ந்தது.

1947 பிரிவினையில் பெங்கால் இந்தியாவின் பங்குக்கு வந்தது. 1950-இல் குடியரசின் கப்பலாக 'ஐ.என்.எஸ்.' என்ற முன்னொட்டைப் பெற்றது, 1960-இல் உடைக்கப்பட்டது.