ஸ்டீயரிங் எண்ணெய் குறைகிறதா? எங்கே போகிறது என்று பாருங்கள்

காரில் எண்ணெய் குறைவதெல்லாம் கோளாறு அல்ல. பழைய என்ஜின் கொஞ்சம் எண்ணெயை எரிக்கும். பிரேக் பேட் தேயத் தேய பிரேக் எண்ணெயின் மட்டம் இறங்கும். பவர் ஸ்டீயரிங் எண்ணெய் அப்படியில்லை. அது தொட்டியிலிருந்து பம்புக்கும், பம்பிலிருந்து ஸ்டீயரிங் ரேக்குக்கும் போய், மறுபடியும் தொட்டிக்கே திரும்பி வரும். அது குறைகிறது என்றால் எங்கோ ஒழுகுகிறது.

“குறைந்தால் ஊற்றிக்கொண்டே ஓட்டுங்கள், ஒன்றும் ஆகாது” என்று சொல்பவர்கள் உண்டு. ஆகும். எண்ணெய் வற்றினால் பம்பு காற்றை இழுக்கும். அப்படி ஓடும் பம்பு விரைவில் தேயும். தேய்ந்த உலோகத் துகள் எண்ணெயோடு சுற்றி, ரேக்கின் உள்ளே இருக்கும் சீல்களையும் கெடுக்கும். ஒழுகும் எண்ணெய் சூடான புகைக்குழாயின் மேல் சொட்டினால் தீப்பிடிக்கும் ஆபத்தும் இருக்கிறது.

உங்கள் கார் எந்த வகை?

எங்கள் வீட்டில் இரண்டு வகையும் இருக்கின்றன. நான் ஓட்டும் மைவியில் ஸ்டீயரிங்குக்கு உதவுவது மின்மோட்டார். அதில் எண்ணெயே கிடையாது. அப்பாவின் பழைய கார் எண்ணெய் அழுத்தத்தில் இயங்குவது. புரோட்டோன் வீரா, வாஜா போன்ற கார்களும் அந்த வகைதான். பானெட்டைத் திறந்து, ஸ்டீயரிங் படம் போட்ட மூடியுடன் சிறு தொட்டி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது எண்ணெய் வகை.

பத்து நிமிடச் சோதனை

மாதம் ஒரு முறை, காலையில், என்ஜின் சூடாகும் முன்பு, சமமான தரையில் காரை நிறுத்திப் பாருங்கள். மூடியைச் சுற்றியுள்ள தூசியைத் துடைத்துவிட்டுத்தான் திறக்க வேண்டும். எண்ணெய் மட்டம் இரண்டு கோடுகளுக்கு இடையில் இருக்க வேண்டும். ‘ஹாட்’, ‘கோல்ட்’ என்று தனித்தனிக் கோடுகள் இருந்தால், என்ஜின் குளிர்ந்திருக்கும்போது ‘கோல்ட்’ கோடுதான் கணக்கு.

வெள்ளை டிஷ்யூவில் ஒரு சொட்டு விடுங்கள். நிறம் தெளிவாக இருந்தால் நல்லது. கறுத்து, கருகிய வாடை அடித்தால் மாற்றும் காலம் வந்துவிட்டது. நுரைத்திருந்தால் உள்ளே காற்று புகுகிறது.

காதையும் பயன்படுத்துங்கள். ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது முனகல் கேட்டால் எண்ணெய் குறைவு, காற்று, அல்லது பம்புக் கோளாறு. கீச்சென்று கத்தினால் பெரும்பாலும் பெல்ட் தளர்ந்திருக்கும். சத்தமே இல்லாமல் ஸ்டீயரிங் கனத்தால், முதலில் டயரில் காற்று போதுமா என்று பாருங்கள்.

அட்டைப்பெட்டி சொன்ன சேதி

அப்பாவின் காரில் எண்ணெய் இறங்கிக்கொண்டே வந்தது. ஒரு பட்டறையில் ரேக்கையே மாற்ற வேண்டும் என்றார்கள். ஆயிரம் வெள்ளிக்கு மேல் ஆகும் வேலை. அன்று இரவு காரின் முன்பகுதிக்கு அடியில் பெரிய அட்டை ஒன்றை விரித்து வைத்தேன். காலையில் சிவப்புச் சொட்டுகள் ரேக்குக்கு நேர் கீழே இல்லை, தொட்டிக்கு நேர் கீழே இருந்தன. எண்ணெய் திரும்பி வரும் ரப்பர் குழாய் இறுகிப்போய், அதன் கிளிப் ஓரமாகக் கசிந்துகொண்டிருந்தது. குழாயையும் கிளிப்பையும் மாற்றியதும் மட்டம் நின்றுவிட்டது. ரேக்கே ஒழுகும் கார்களும் உண்டு. ஆனால் சொட்டு எங்கே விழுகிறது என்று தெரிந்துகொண்டு பட்டறைக்குப் போனால், பேச்சு வேறு மாதிரி இருக்கும்.

வீட்டில் எண்ணெய் மாற்ற

என்ஜினை நிறுத்திவிட்டு, பெரிய சிரிஞ்சால் தொட்டியில் உள்ள எண்ணெயை உறிஞ்சி எடுங்கள். புதிய எண்ணெயைக் கோடு வரை ஊற்றுங்கள். என்ஜினை ஓடவிட்டு, ஸ்டீயரிங்கை இடமும் வலமும் மெதுவாகச் சில முறை திருப்புங்கள். மட்டத்தை மறுபடியும் பாருங்கள். தொட்டியில் இருப்பது மொத்த எண்ணெயில் ஒரு பகுதிதான். அதனால் சில நாள் இடைவெளியில் இதையே இரண்டு, மூன்று முறை செய்தால்தான் பழைய எண்ணெய் பெரும்பாலும் வெளியேறும்.

எந்த எண்ணெய் என்பதைக் கார் கையேடோ தொட்டியின் மூடியோ சொல்லும். சில கார்களுக்கு ஏ.டி.எஃப்., சிலவற்றுக்குத் தனி எண்ணெய். பிரேக் எண்ணெயை இதில் ஊற்றினால் சீல்கள் கெட்டுவிடும். பிரேக் தொட்டியில் இந்த எண்ணெய் போனால் பிரேக்கே பிடிக்காமல் போகலாம். இரண்டு தொட்டிகளும் ஒரே பானெட்டுக்குள் இருப்பதால், மூடியில் உள்ள எழுத்தைப் படித்துவிட்டுத்தான் ஊற்ற வேண்டும். பழைய எண்ணெயைச் சாக்கடையில் கொட்டாதீர்கள். போத்தலில் அடைத்துப் பட்டறையில் கொடுத்துவிடுங்கள்.

பழக்கமும் பராமரிப்புதான்

ஸ்டீயரிங்கைக் கடைசி வரை திருப்பி அப்படியே பிடித்திருந்தால், பம்பின் அழுத்தம் உச்சத்துக்குப் போய் எண்ணெய் அளவுக்கு மீறிச் சூடாகும். முட்டியதும் சற்றுத் தளர்த்துங்கள். நின்ற இடத்தில் சக்கரத்தைத் திருப்புவதைவிட, கார் மெல்ல நகரும்போது திருப்புவது ரேக்குக்கும் டயருக்கும் நல்லது.

மின்மோட்டார் வகையில் வீட்டில் செய்யக்கூடியது பேட்டரியைக் கவனிப்பதுதான். பேட்டரி பலவீனமானாலோ அதன் முனையில் வெள்ளைப் பூச்சு படிந்தாலோ ஸ்டீயரிங் கனக்கலாம், எச்சரிக்கை விளக்கும் எரியலாம். முனையைச் சுத்தம் செய்த பிறகும் விளக்கு அணையாவிட்டால், கணினி கொண்டு சோதிக்கும் பட்டறைதான் வழி. ஸ்டீயரிங் சக்கரத்தை நீங்களே கழற்றாதீர்கள். அதற்குள் ஏர்பேக் இருக்கிறது.

நெடுஞ்சாலையில் திடீரென்று கனத்தால்

பதற வேண்டாம். போனது உதவிதான், சக்கரங்களோடு உள்ள இணைப்பு அப்படியே இருக்கிறது. இரண்டு கைகளாலும் இறுகப் பிடித்து, வேகத்தைக் குறைத்து, சிக்னல் போட்டு இடப்பக்க அவசரத் தடத்துக்கு வாருங்கள். பெல்ட் அறுந்திருந்தால், சில கார்களில் என்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீர்ப் பம்பும் அதே பெல்ட்டில்தான் ஓடும். அப்போது மேலும் ஓட்டினால் என்ஜின் சூடேறிக் கெடும். நிறுத்திவிட்டு உதவிக்கு அழையுங்கள்.

தைப்பூசத்துக்கோ பெருநாள் விடுமுறைக்கோ குடும்பத்தோடு கிளம்பும் முதல் நாள் என்ஜின் எண்ணெயையும் தண்ணீரையும் பார்ப்பது நம்மில் பலருக்குப் பழக்கம். பானெட் திறந்திருக்கும்போதே இந்தச் சிறு தொட்டியையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.