ஏழே ஏழு கட்டைகள்

எத்தனை கோடிக்கு விற்றது என்று பார்த்து ஒரு வீடியோ கேமை மதிப்பிடுகிறவர்கள் உண்டு. கிராபிக்ஸைப் பார்த்து மதிப்பிடுகிறவர்களும் உண்டு. இரண்டு அளவுகோலும் அதிக நாள் தாங்காது. போன தலைமுறை வாய்பிளந்து பார்த்த கிராபிக்ஸை இன்றைய பிள்ளைகளிடம் காட்டினால் சிரிப்பார்கள். என்னுடைய சோதனை வேறு. பிறந்த இயந்திரத்தை அந்த ஆட்டத்திடமிருந்து பிடுங்கிவிட வேண்டும். படம், பாட்டு, பெயர் எல்லாவற்றையும் பிடுங்கிவிட வேண்டும். அப்புறமும் அதை ஆட முடிகிறதா? டெட்ரிஸை ஆட முடியும்.

அது பிறந்ததே ஒன்றும் இல்லாத இடத்தில்தான். 1984, மாஸ்கோ, சோவியத் அறிவியல் அகாதமியின் கணினி மையம். அங்கே வேலை பார்த்த அலெக்ஸி பஜித்நோவுக்குப் பென்டோமினோ என்ற புதிர்மேல் பிரியம். ஐந்தைந்து சதுரங்கள் ஒட்டிய 12 துண்டுகளை இடைவெளி விடாமல் பெட்டிக்குள் அடுக்க வேண்டும். கணினியில் அதைச் செய்ய உட்கார்ந்தவர் ஐந்தை நான்காகக் குறைத்தார். ஏழு வடிவங்கள் மிஞ்சின. அவரிடம் இருந்த எலக்ட்ரோனிகா 60 கணினியில் படம் வரைய வழியில்லை, எழுத்து மட்டும்தான் வரும். எனவே அடைப்புக்குறிகளைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டுக் கட்டைகளாக்கினார்.

கட்டைகள் விழுந்தன, திரை சில நொடிகளில் நிரம்பி ஆட்டம் முடிந்தது. முழுசாக நிரம்பிய வரிசையால் இனி யாருக்கு என்ன பயன் என்று அதை அழித்துவிட்டார். டெட்ரிஸின் உயிர் அந்த ஒரு முடிவில்தான் இருக்கிறது. வரிசை அழிந்தால் இடம் கிடைக்கும், இடம் கிடைத்தால் அடுத்த கட்டை வரும். ஜெயிப்பதற்கு இதில் ஒன்றும் கிடையாது. தோற்பதைத் தள்ளிப்போடலாம், அவ்வளவுதான்.

வாதிம் கெராசிமோவ் என்ற 16 வயது மாணவர் அதை ஐபிஎம் கணினிக்கு மாற்றி வண்ணம் சேர்த்தார். பிறகு ஃபிளாப்பிகளில் கைமாறிக் கைமாறி நாட்டை விட்டே வெளியேறியது. உரிமை யாருக்கு என்று மேல்நாட்டுக் கம்பெனிகள் அடித்துக்கொண்ட கதையைச் சினிமாவாகவே எடுத்துவிட்டார்கள். 1989 பிப்ரவரியில் ஹெங்க் ரோஜர்ஸ் என்ற வீடியோ கேம் வெளியீட்டாளர் மாஸ்கோவுக்கே போய், கையடக்கக் கருவிகளுக்கான உரிமையை சோவியத் அரசு நிறுவனமான எலோர்கிடம் நேரில் பேசி வாங்கினார். அந்த வருடம் வந்த நிண்டெண்டோவின் கேம்பாயோடு, அமெரிக்காவில் டெட்ரிஸையும் சேர்த்தே கொடுத்தார்கள். பஜித்நோவுக்கு ராயல்டி வரத் தொடங்கியது 1996-ல்தான். உலகமே ஆடிய ஆட்டத்தை உருவாக்கிய ஆள் 12 வருடம் காத்திருந்தார்!

நம் ஊருக்கு அது வேறு பெயரில் வந்தது. 90-களில் திருவிழாக் கடைகளில் பிளாஸ்டிக் பொம்மைகளுக்கு நடுவே தொங்கிய பிரிக் கேம் நினைவிருக்கிறதா? சாம்பல் நிறத் திரை, பென்சில் பேட்டரி, கீச்கீச் சத்தம். அட்டையில் 9999 கேம்கள் என்று போட்டிருக்கும். ஆடிப் பார்த்தால் விரல்விட்டு எண்ணிவிடலாம், மற்றதெல்லாம் வேகத்தை மாற்றிய அதே ஆட்டங்கள். டெட்ரிஸ் என்ற பெயரையே கேள்விப்படாமல் எத்தனையோ பேர் அதில் டெட்ரிஸ் ஆடினார்கள். மரப்பலகையில் ஆடினாலும் கோயில் கல்தரையில் வெட்டிய குழிகளில் ஆடினாலும் பல்லாங்குழி பல்லாங்குழிதானே?

நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் 2012-ல் டெட்ரிஸைத் தன் சேகரிப்பில் சேர்த்தது. நல்லதுதான், ஆனால் அதற்குள் அது வேறோர் இடத்தில் குடியேறிவிட்டிருந்தது. ஹார்வர்டைச் சேர்ந்த ராபர்ட் ஸ்டிக்கோல்ட் குழு 2000-ல் வெளியிட்ட ஆய்வைச் சொல்கிறேன். ஆட்களை டெட்ரிஸ் ஆடவைத்து, கண் அயரும் நேரத்தில் மனதில் என்ன தெரிகிறது என்று கேட்டார்கள். கட்டைகள் விழுவதாகப் பலர் சொன்னார்கள். ஆடியவர்களில் சிலர், மூளைப் பாதிப்பால் புது நினைவுகளைத் தக்கவைக்க முடியாதவர்கள். ஆடியதே அவர்களுக்கு ஞாபகம் இல்லை. ஆனாலும் அவர்களிலும் சிலருக்குக் கட்டைகள் விழுந்தன.

1989-ல் நிண்டெண்டோ வெளியிட்ட டிவி வடிவத்தில், 29-ஆவது கட்டத்தின் வேகத்துக்கு மனித விரல் ஈடுகொடுக்காது என்றே வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தார்கள். பிறகு இளவட்டங்கள் ஒரு வித்தையைக் கண்டுபிடித்தார்கள். பொத்தானை விரலால் அமுக்குவதற்குப் பதில், பொத்தான்மேல் விரலைச் சும்மா வைத்துக்கொண்டு, மறுகை விரல்களால் கன்ட்ரோலரின் முதுகில் ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டுவது. ஒவ்வொரு தட்டுக்கும் பொத்தானே வந்து விரலில் இடிக்கும். 2023 டிசம்பரில் ஓக்லஹோமாவைச் சேர்ந்த 13 வயதுப் பையன் இப்படியே 157-ஆவது கட்டம்வரை போனான். ஒரு வரிசையை அழித்தான். திரை அப்படியே உறைந்துவிட்டது. கணக்கை முடிக்க முடியாமல் நிரல் படுத்துவிட்டது. அவன் பிறப்பதற்கு 20 வருடத்துக்கும் முன்னால் எழுதிய நிரல் அது. எந்தெந்த இடத்தில் எப்படி அழித்தால் அது உறையும் என்று ஆட்டக்காரர்கள் பட்டியலே போட்டு வைத்திருக்கிறார்கள். இப்போது அந்த இடங்களுக்குச் சிக்காமல் இன்னும் மேலே போகப் பார்க்கிறார்கள்.