ஒழுக்கமும் வழக்கும்

ஊரிலே பெயர் கெட்ட ஒருவன்மீது களவுக் குற்றஞ் சாட்டப்பட்டால், “இவன்தான் செய்திருப்பான்” என்று ஊரார் அன்றே தீர்த்துவிடுவர். நீதிமன்றம் அவ்வாறு தீர்த்தலாகாது. இலங்கையின் 1895ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சாட்சியக் கட்டளைச் சட்டம் இதற்கென விதிகளை வகுத்துள்ளது.

குற்றவியல் வழக்கில் எதிரி தாம் நல்லொழுக்கமுடையவர் எனக் காட்டலாம். அவருடைய தீயொழுக்கத்தைக் காட்டுதற்கோ வழக்குத் தொடுநருக்குப் பொதுவாக உரிமையில்லை. ஒரு தரப்புக்கு மட்டுஞ் சலுகையா என்று கேட்கத் தோன்றும். சலுகைதான். முன்பு மாடு களவாடித் தண்டனை பெற்றவன் என்று கேட்ட செவிக்கு, இன்று காணாமற்போன சைக்கிளைப் பற்றிய சாட்சியத்தின் ஓட்டைகள் புலப்படுவது அரிது. ஆயின், எதிரியே தம் நற்பெயருக்குச் சாட்சி அழைத்தால், 54ஆம் பிரிவின்படி கதவு திறந்துவிடும்; பழைய தண்டனையும் உள்ளே வரும்.

கள்ள நாணயம் கொடுத்தவன், “தெரியாமற் கொடுத்தேன்” என்கிறான். அப்பொழுது அவன் மடியில் வேறும் பல கள்ள நாணயங்கள் இருந்தன என்பதைக் காட்டலாம். அது ஒழுக்கத்தைப் பற்றிய சாட்சியமன்று. அவன் அறிந்தே கொடுத்தான் என்பதற்கான சாட்சியம்.

சிவில் வழக்கில், கடன் வாங்கியவர் பக்திமான் என்பதனால் அவர் கடனைத் திருப்பிக் கொடுத்திருப்பார் என்று வாதிக்க 52ஆம் பிரிவு இடந்தராது. நட்டஈட்டுத் தொகையை நிருணயிக்கும்போது மாத்திரம் ஒழுக்கம் கணக்கில் வரும். மானநட்ட வழக்கிலே, இழந்ததாகச் சொல்லப்படும் நற்பெயர் முன்னர் எவ்வளவு இருந்தது என்று பார்க்கத்தானே வேண்டும்? அங்கும் பொதுவான பெயரையும் இயல்பையுமே சொல்லலாம். தனித்தனிச் செயல்களை அடுக்குதல் இயலாது.