உங்களுக்குத் தெரியுமா? தோப்பும்படியில் மிதித்தால் கும்பளங்கியில் தூங்கலாம்

கொச்சிக்குப் போகிறவர்களில் பாதிப் பேர் ஃபோர்ட் கொச்சியில் சீனவலையோடு ஒரு படம், மட்டாஞ்சேரியில் கால் கிலோ மிளகு, ராத்திரி ரயில் என்று ஊரை முடித்துவிடுகிறார்கள். தோப்பும்படி சந்திப்பில் தெற்கே திரும்பியவர்கள் குறைவு. பேட்டரி சைக்கிளில் அரை மணி மிதித்தால் காயலுக்கு நடுவே ஒரு கிராமம். அங்கே வீட்டுக்காரர் போட்டுக்கொடுக்கும் கட்டிலில் படுத்துவிட்டு மறுநாள் கிளம்பலாம். அதைப் பற்றிக் கொஞ்சம்.

● தோப்பும்படி நமக்கு அப்படியொன்றும் அந்நிய ஊர் அல்ல. பெயரிலேயே தோப்பு இருக்கிறது. கொச்சி மீன்பிடித் துறைமுகம் இருப்பது இங்கேதான். ஆழ்கடலுக்குப் போகும் பெரிய படகுகளில் கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர், வள்ளவிளைப் பக்கத்து மீனவர்கள் ஏராளம். விடியற்காலை ஏலத்தில் காதைக் கொடுத்தால் மலையாளத்துக்கு நடுவே நம்மூர்த் தமிழும் விழும். சைக்கிளைத் துறைமுகத்துக்குள் ஓட்டாதீர்கள். தரை முழுக்க ஐஸ் தண்ணீரும் மீன் செதிலும்.

● ஊர் முழுக்க கடல்மட்டத்தோடு ஒட்டிக் கிடக்கிறது, பிறகு எதற்கு மோட்டார் என்று கேட்பீர்கள். இங்கே மேடு என்றால் பாலம்தான். தோப்பும்படிக்கும் வில்லிங்டன் தீவுக்கும் நடுவே இரண்டு பாலங்கள். பழையது துறைமுகத்தை உருவாக்கிய சர் ராபர்ட் பிரிஸ்டோ காலத்தது. கப்பல் வந்தால் நடுப்பகுதியைத் தூக்கிவிடலாம் என்ற ஏற்பாட்டோடு கட்டப்பட்டது. புதியது 2001-இல் வந்தது. தனியார் பணம் போட்டுக் கட்டிச் சுங்கம் வசூலித்ததால் ஊர்க்காரர்கள் அதை இன்றும் ‘பி.ஓ.டி. பாலம்’ என்றே சொல்கிறார்கள். வில்லிங்டன் தீவே காயலைத் தோண்டிய சேற்றைக் கொட்டி எழுப்பியதுதான். மேடேறுவதைவிட இந்தப் பக்கத்துப் புழுக்கமும் எதிர்க்காற்றும்தான் ஆளை வாட்டும். மோட்டார் கைகொடுப்பது அங்கே.

● பேட்டரி சைக்கிளுக்கு ஓட்டுநர் உரிமம் வேண்டாம், பதிவு எண் வேண்டாம். ஆனால் நிபந்தனை உண்டு. மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி மோட்டாரின் 30 நிமிடத் திறன் 250 வாட்டுக்குக் கீழே, உச்ச வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் கீழே, பேட்டரி நீங்கலான எடை 60 கிலோவுக்குள் இருந்தால்தான் அது மோட்டார் வாகனம் இல்லை என்று சட்டம் ஒப்புக்கொள்ளும். ‘கொஞ்சம் வேகத்தைக் கூட்டித் தரவா சார்?’ என்று வாடகைக் கடையில் கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கூட்டிய நிமிடமே அது உரிமம் இல்லாத மோட்டார் வாகனம்.

● பின்சக்கரத்தின் நடுவில் மோட்டார் வைத்த சைக்கிளுக்கு அமெரிக்கரான ஆக்டன் போல்டன் காப்புரிமை வாங்கியது 1895 டிசம்பர் 31-இல். மிதிக்கும் காலின் அழுத்தத்தை அளந்து அதற்கேற்ப மோட்டார் துணைசெய்யும் சைக்கிளை ஜப்பானின் யமஹா விற்பனைக்குக் கொண்டுவந்தது 1993-இல். நடுவில் 98 வருடம். பேட்டரி எடை குறைவதற்காக உலகம் காத்திருந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

● பள்ளுருத்தி, பெரும்படப்பு தாண்டிப் பாலம் ஏறி இறங்கினால் கும்பளங்கி. தோப்பும்படியிலிருந்து ஏழெட்டு கிலோமீட்டர். 2003-இல் கேரள அரசு இதை மாதிரிச் சுற்றுலா கிராமமாக எடுத்துக்கொண்டது. இந்தியாவிலேயே இந்த வகையில் முதல் கிராமம் என்று சொல்வார்கள். பெரிய விடுதிகளுக்கு இடம் தராமல், ஊர்க்காரர்கள் தங்கள் வீட்டு அறைகளையே விருந்தினருக்குத் திறந்துவிட்டதுதான் இதில் விசேஷம். நண்டு வளர்ப்பும், கயிறு திரிப்பும், மீன்பிடிப்பும் வேடிக்கைக்காக ஏற்பாடு செய்தவை இல்லை. சுற்றுலாப் பயணி வராத நாளிலும் அவை நடக்கும்.

● கேரளத்தில் ‘ஹோம்ஸ்டே’ என்று பலகை மாட்ட, வீட்டு உரிமையாளர் குடும்பத்தோடு அதே வீட்டில் குடியிருக்க வேண்டும். வாடகைக்கு விடும் அறை ஆறைத் தாண்டக்கூடாது. அரசு இவற்றுக்கு டயமண்ட், கோல்டு, சில்வர் என்று மூன்று தரம் வைத்திருக்கிறது. வீட்டுக்காரர் பக்கத்து ஊரிலும் சாவி காவலாளி கையிலும் இருந்தால் அது லாட்ஜ், பலகையில் என்ன எழுதியிருந்தாலும் சரி. சிங்கப்பூரிலிருந்தோ கனடாவிலிருந்தோ வெளிநாட்டுக் கடவுச்சீட்டோடு வரும் உறவினரையும் கூட்டிப்போகிறீர்களா? அவர்கள் தங்கும் விவரத்தை வீட்டுக்காரர் 24 மணி நேரத்துக்குள் பதிவு செய்ய வேண்டும். கடவுச்சீட்டை நீட்டச் சொன்னால் முகம் சுளிக்காதீர்கள்.

● நான் தங்கிய வீட்டில், சைக்கிளிலிருந்து பேட்டரியைக் கழற்றி உம்மறத்துக்கு (முன்திண்ணைக்கு) கொண்டுவந்ததும் அந்த வீட்டுச் சேச்சியின் முகம் கொஞ்சம் மாறியது. ‘இதுக்கு கரண்டு கொறே ஆகுமோ?’ என்றார். சார்ஜரைத் திருப்பிப் பின்னால் இருந்த எண்ணைக் காட்டினேன்: 42 வோல்ட், 2 ஆம்பியர். பெருக்கினால் 84 வாட். தலைக்கு மேலே சுற்றிக்கொண்டிருந்த சீலிங் ஃபேன் தின்பதும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். 36 வோல்ட், 10 ஆம்பியர்-மணி பேட்டரி முழுதாக நிரம்ப அரை யூனிட்டுக்கும் குறைவான மின்சாரம் போதும். சாதாரண 5 ஆம்பியர் பிளக்கே தாங்கும், ஏ.சி. பாயின்ட் தேட வேண்டாம். சேச்சி சிரித்துவிட்டு ஃபேனை அணைத்தார். ‘அப்போ இப்போ கணக்கு சரி!’

● அந்த 360 வாட்-மணி எவ்வளவு தூரம் இழுக்கும்? நீங்களும் மிதித்தால் கிலோமீட்டருக்குச் சுமார் 10 வாட்-மணி, ஆக முப்பது முப்பத்தைந்து கிலோமீட்டர். காலை மடக்கிக்கொண்டு மோட்டாரை மட்டும் நம்பினால் அதில் பாதிதான் கிடைக்கும். விளம்பரத்தில் போடும் தூரம் காற்றே இல்லாத ஊரில் ஒல்லியான ஆளை வைத்து அளந்தது என்பது என் சந்தேகம்.

● காலியான பேட்டரி நிரம்ப நாலைந்து மணி நேரம் ஆகும். இது குறை என்று பலர் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கார்க்காரர்கள் ஒன்றரை மணி நேரத்தில் சுற்றிவிட்டு ஓடுகிற ஊரில், வேறு வழியில்லாமல் சாயங்காலம் வரை உட்கார வைப்பது இந்தச் சார்ஜர்தான். அப்படி உட்கார்ந்ததால்தான் பொக்காளி வயலை வரப்பில் நின்று பார்க்க முடிந்தது.

● பொக்காளி என்பது உப்புத்தண்ணீரைத் தாங்கும் நெல். எர்ணாகுளம், ஆலப்புழை, திருச்சூர் மாவட்டங்களின் கரையோர வயல்களில் விளைகிறது. புவிசார் குறியீடு பெற்றது. மழை வந்து உப்பைக் கழுவிய பிறகு ஜூன் வாக்கில் விதைப்பு. நெற்பயிர் ஆள் உயரம் வளர்ந்து சாய்ந்துவிடும். அறுவடையில் கதிரை மட்டும் கிள்ளி எடுத்துவிட்டுத் தாளைத் தண்ணீரிலேயே விட்டுவிடுகிறார்கள். நவம்பர் 15 முதல் ஏப்ரல் 14 வரை அதே வயலில் இறால். மடை திறந்தால் காயல் ஏற்றத்தோடு இறால் குஞ்சுகள் உள்ளே வரும். அழுகிய தாள் அவற்றுக்குத் தீனி. அவை போட்ட கழிவு அடுத்த நெல்லுக்கு எரு. உரமும் இல்லை, பூச்சிமருந்தும் இல்லை. மருந்தடித்தால் இறால் செத்துவிடும் என்பதால் யாரும் அடிக்கத் துணிவதில்லை. அரிசி தடிமனாக, லேசாகச் சிவந்து இருக்கிறது. கஞ்சிக்கு அபாரம், சாம்பாருக்குச் சுமார்.

● உலகம் முழுக்க உப்பைத் தாங்கும் நெல் ரகங்களை உருவாக்கும் விஞ்ஞானிகள் தேடிப்போகும் ‘சால்டால்’ என்ற மரபணுப் பகுதி கண்டறியப்பட்டது இந்தப் பொக்காளி நெல்லில்தான்.

● ஃபோர்ட் கொச்சியின் சீனவலையை இழுக்க நாலைந்து ஆள் வேண்டும். கும்பளங்கிக் காயலோரம் இருப்பவை அதன் தம்பிகள், ஒருவரோ இருவரோ இயக்கிவிடலாம். இருட்டியதும் வலைக்கு மேலே ஒரு பல்பு எரியும், வெளிச்சத்துக்கு மீனும் இறாலும் வரும். வலை மேலே எழும்போது எதிர்ப்பக்கம் கயிற்றில் தொங்கும் கற்கள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கும், கிணற்று ஏற்றம் மாதிரி. மூன்று முறை தூக்கினார்கள், ஒருமுறை வெறும் பாசிதான் வந்தது.

● கோடையில் காயல் நீரில் உப்பு கூடும் நாட்களில், இரவில் தண்ணீரைக் கையால் அளைந்தால் நீலமாக ஒளிரும். ஊரில் ‘கவரு’ என்கிறார்கள். நுண்ணுயிர்கள் அசைவு பட்டதும் விடும் வெளிச்சம் அது. 2019-இல் வந்த ‘கும்பளங்கி நைட்ஸ்’ படத்துக்குப் பிறகு இதைப் பார்க்கவே கூட்டம் வருகிறது. காரில் வந்து ஹெட்லைட் போட்டால் ஒன்றும் தெரியாது. பேட்டரி சைக்கிளுக்குச் சத்தமும் இல்லை, விளக்கை அணைத்துவிட்டு நிற்கலாம். எனக்கு அன்று அமாவாசை வாய்க்கவில்லை. நிலா தெளிவாக இருந்தது, கவரு மங்கலாகத்தான் தெரிந்தது.

● கைப்பிடியில் தெரியும் பேட்டரிக் கோடுகளை நம்பாதீர்கள். மலிவான சைக்கிள்களில் அவை மின்னழுத்தத்தை மட்டும் அளக்கின்றன. சமதரையில் மூன்று கோடு காட்டியது பாலம் ஏறியதும் ஒன்றாகி, உச்சியில் அணைந்தே போனது. மோட்டார் அதிகம் இழுக்கும்போது மின்னழுத்தம் தொய்வதுதான் காரணம். வாடகைக் கடைக்காரர் ‘ஃபுல் சார்ஜ் சார்’ என்று சத்தியம் செய்திருந்தார். பாலத்தின் மறுபக்கம் இறக்கம் என்பதால் பிழைத்தேன்.

● பின்சக்கரம் பஞ்சரானால்? மோட்டார் இருக்கும் சக்கரத்தைக் கழற்ற, ஒயர் இணைப்பைப் பிரிக்க வேண்டும். நட்டுக்கு பெரும்பாலும் 18-ஆம் நம்பர் ஸ்பேனர். கிராமத்துப் பஞ்சர் கடைக்காரருக்கு இதெல்லாம் தேவையில்லை. சக்கரத்தைக் கழற்றாமலேயே டயரின் ஒரு பக்கத்தை நெம்பி, டியூபை வெளியே இழுத்து ஒட்டிவிடுவார். அவர் ஸ்பேனரை எடுத்தால்தான் பயப்பட வேண்டும்.

● சொந்த பேட்டரி சைக்கிளை விமானத்தில் கொச்சிக்குக் கொண்டுபோகலாம் என்று நினைக்காதீர்கள். 160 வாட்-மணிக்கு மேற்பட்ட லித்தியம் பேட்டரி பயணிகள் விமானத்தில் ஏறாது. உங்களுடையது 360.

● கும்பளங்கியோடு நிறுத்த மனம் இல்லாதவர்கள் கடலோரமாகச் செல்லானம் வழியே அர்த்துங்கல் வரை போகலாம், தோப்பும்படியிலிருந்து முப்பது சொச்சம் கிலோமீட்டர். செல்லானத்தில் கடலரிப்பைத் தடுக்க ஏழு கிலோமீட்டருக்கும் மேல் நாலுகால் கான்கிரீட் துண்டுகளை அடுக்கியிருக்கிறார்கள். ‘டெட்ராபாட்’ எனப்படும் இவை 1950-இல் பிரான்சில் பிறந்தவை. அலை வீட்டுக்குள் வந்த காலத்தை மறக்காத ஊர், ஆகவே கடல் தெரியவில்லை என்று அங்கே யாரிடமும் குறைப்பட்டுக்கொள்ள வேண்டாம்.

● அந்தக் கடலோர வழியிலிருந்து கிழக்கே திரும்பினால் தவணக்கடவு. அங்கிருந்து காயலைக் கடந்து வைக்கம் போக, சூரிய ஒளியில் ஓடும் ‘ஆதித்யா’ படகு 2017 ஜனவரி முதல் இருக்கிறது. இந்தியாவின் முதல் சோலார் பயணிகள் படகு, 75 இருக்கை. 2020-இல் இதற்குப் பிரான்சின் குஸ்தாவ் த்ரூவே பெயரிலான விருது கிடைத்தது. அந்த த்ரூவே யார் தெரியுமா? 1881-இல் பாரிஸ் தெருவில் மின்சார மூன்றுசக்கர சைக்கிளை ஓட்டிக் காட்டியவர். அதே வருடம் மின்மோட்டாரைப் படகிலும் பொருத்தினார். சைக்கிளும் படகும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். சைக்கிளோடு ஏறலாமா என்று படகுத்துறையில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். அக்கரையில் இறங்கினால் 1924-இல் பெரியார் சிறைசென்ற வைக்கம். புதுப்பித்த பெரியார் நினைவகம் 2024 டிசம்பரில் திறக்கப்பட்டது.

● ஒரு கடைசி விஷயம். பேட்டரியை வெயிலில் வந்த சூட்டோடு சார்ஜில் போடாதீர்கள், அரை மணி ஆறவிடுங்கள். படுக்கைக்கு அருகே இரவு முழுக்கச் சார்ஜில் விட்டுத் தூங்காதீர்கள். ஜூன், ஜூலை மழையைத் தவிருங்கள். டிசம்பர், ஜனவரி சுகம். கிளம்பும் முன் வீட்டுக்காரருக்கு ஃபோன் போட்டு இரண்டு கேள்வி கேளுங்கள்: உம்மறத்தில் பிளக் பாயின்ட் இருக்கிறதா, பத்து மணிக்கு மேல் வந்தால் கதவு திறப்பீர்களா. கரிமீன் வேண்டுமானால் முந்தின நாளே சொல்லிவிட வேண்டும். நான் சொல்லவில்லை, எனக்கு மத்திதான் கிடைத்தது.