அமொக்சிசிலின் மருந்துக்குச் சில கிருமிகள் ஏன் அடங்குவதில்லை?

மன்னார்க் கரையில் நண்டு வலை போட்டவர்களைக் கேளுங்கள்: நண்டு கொடுக்கால் வலையையே வெட்டிவிடும். சில பாக்டீரியாக்களும் மருந்தை அப்படித்தான் வெட்டுகின்றன. எப்படி?

பாக்டீரியாவைச் சுற்றி ஒரு சுவர் உண்டு. அதைக் கட்டும் நொதியை அமொக்சிசிலின் முடக்குகிறது. சுவர் நலியும், தண்ணீர் உட்புகும், கிருமி வெடித்துவிடும்.

சில கிருமிகளிடமோ 'கொடுக்கு' இருக்கிறது: மருந்து மூலக்கூறில் உள்ள வளையத்தை அறுக்கும் இன்னொரு நொதி. 1940இலேயே ஆபிரகாம், செயின் என்ற விஞ்ஞானிகள் இத்தகைய நொதியைக் கண்டறிந்தார்கள்.

கொடுக்கில் ஒரு குச்சியைக் கொடுத்தால்? நண்டு அதைக் கவ்விக்கொள்ளும். அமொக்சிசிலினோடு சேர்த்துத் தரும் கிளாவுலானிக் அமிலம் அந்தக் குச்சிதான். ஆனால் எல்லாக் கொடுக்கும் இதில் சிக்காது.

தேவையின்றிக் குளிசை போட்டால் கொடுக்கில்லாதவை சாகும், உள்ளவை பெருகும். சாதாரணத் தடிமனுக்கு இதைக் கேட்காதீர்கள். அது வைரசால் வருவது; வைரசுக்கு இடிக்கச் சுவரே இல்லை!