பாட்டுக்குச் சொந்தக்காரர் யார்?

பாரதியார் கவிதைப் புத்தகம் ஒன்றைக் காசு கொடுத்து வாங்குகிறீர்கள். புத்தகம் உங்களுடையது. படிக்கலாம், பிறருக்குக் கொடுக்கலாம். உள்ளே இருக்கும் பாட்டு?

அது வேறு சொத்து! அதை அச்சிடவும், இசைத்தட்டில் பதியவும், சினிமாவில் சேர்க்கவும் எழுதியவருக்கே உரிமை. இதற்குப் பதிப்புரிமை என்று பெயர். நிலம், வீடு போல விற்கலாம், வாரிசுக்கும் போகும். எழுதிய உடனே அது பிறந்துவிடுகிறது. பதிவு செய்யவேண்டும் என்ற கட்டாயமில்லை.

பாரதியார் 1921-ல் காலமானார். குடும்பத்தில் வறுமை. உரிமைகள் கைமாறின. இசைத்தட்டு உரிமை கடைசியில் படஅதிபர் ஏ.வி. மெய்யப்பச் செட்டியாரிடம் வந்து சேர்ந்தது. 1948-ல் வந்த 'பில்ஹணன்' படத்தில் டி.கே.எஸ். சகோதரர்கள் ஒரு பாரதி பாட்டைச் சேர்த்தார்கள். வந்தது வழக்கு! தேசத்துக்குப் பாடியவர் பாட்டுக்குக் கோர்ட்டு வாசலா என்று தமிழர்கள் கொதித்தார்கள். செட்டியாரையும் குறை சொல்வதற்கில்லை. அவர் விலை கொடுத்து வாங்கியவர்.

1949-ல் சென்னை அரசாங்கம் உரிமையை ஏற்றது. செட்டியார் தம் பங்கைப் பணம் வாங்காமலே கொடுத்தார். செல்லம்மா பாரதிக்கும் இரு புதல்வியருக்கும் தலா 5,000 ரூபாய் கிடைத்தது.

மற்ற எழுத்தாளர்களுக்கு? 1957-ம் வருஷச் சட்டம் இருக்கிறது. இன்றைய விதிப்படி, ஆயுள் முழுதும் உரிமை. மறைந்தபின் 60 ஆண்டு வாரிசுக்கு. உரிமையை எழுதிக் கொடுக்கும் பத்திரத்தில் காலம் குறிக்காவிட்டால், 5 ஆண்டு என்றே சட்டம் கொள்ளும். உங்கள் வீட்டில் பாட்டுக் கட்டுகிறவர் உண்டா? கையெழுத்துப் போடுமுன் அந்த வரியைப் படிக்கச் சொல்லுங்கள்.