விளக்கை அணைத்தால் பழுது தீருமா?

டீசல் பிக்கப் வண்டியின் டேஷ்போர்டில் மஞ்சள் நிற ‘செக் என்ஜின்’ விளக்கு எரியத் தொடங்கினால், பெரும்பாலான பட்டறைகளில் நடப்பது இரண்டில் ஒன்று. ஸ்கேனரைச் சொருகிப் பார்க்கிறார்கள். பி 2463 என்றோ பி 20இஇ என்றோ ஒரு எரர் கோடு வருகிறது. அதற்கு நேரே எந்தப் பாகத்தின் பெயர் இருக்கிறதோ அந்தப் பாகத்தைக் கழற்றிப் புதிதாகப் போடுகிறார்கள். இல்லையென்றால் அந்தக் குறியீட்டை அழித்து, விளக்கை அணைத்து, வண்டியை அனுப்பிவிடுகிறார்கள். முதல் வழியில் பணம் கரைகிறது, இரண்டாவது வழியில் பழுது வளர்கிறது. இரண்டுக்கும் வேர் ஒன்றுதான்: குறியீடு என்பது கெட்டுப்போன பாகத்தின் பெயர் என்ற நம்பிக்கை. வண்டியின் கம்ப்யூட்டருக்குப் பாகங்கள் தெரியாது; அதற்குத் தெரிந்ததெல்லாம் சென்சார்கள் அனுப்பும் அளவுகள். வந்த அளவு எதிர்பார்த்த அளவோடு பொருந்தவில்லை என்றால் அது ஒரு புகாரைப் பதிவு செய்கிறது. விசாரிப்பது மனிதரின் வேலை.

இந்த விசாரணையைப் பழகிக்கொள்ள நல்ல களம் அமெரிக்காவின் பெரிய டீசல் பிக்கப்கள்: ஃபோர்டு சூப்பர் டியூட்டி, செவ்ரலே சில்வராடோ, ராம் 2500, 3500. அங்கே 2007-இல் கரிக்கான வரம்பு இறுகியபோது டிபிஎஃப் என்ற கரி வடிகட்டி வந்தது. 2010-இல் நைட்ரஜன் ஆக்சைடு வரம்பு இறுகியதை ஒட்டி, யூரியாக் கரைசலைப் புகையில் தெளிக்கும் எஸ்சிஆர் அமைப்பு அடுத்தடுத்த மாடல்களில் சேர்ந்தது. இந்தியாவில் 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ் 6 விதிகள் நடைமுறைக்கு வந்தபின் இதே சாதனங்கள் நம் சாலைகளிலும் ஓடுகின்றன. வடிகட்டி எதற்கு, ஆட்ப்ளூ என்ற அந்த யூரியாக் கரைசல் எதற்கு என்பது பிஎஸ் 6 வண்டி ஓட்டுபவர்களுக்குப் பழகிய சங்கதி. அவை பற்றிய புகாரை எப்படி வாசிப்பது என்பதுதான் இன்னும் பழகவில்லை.

பி 2463 என்றால் வடிகட்டியில் கரி அளவுக்கு மீறிச் சேர்ந்துவிட்டது என்று பொருள். கம்ப்யூட்டர் கரியைக் கண்ணால் பார்ப்பதில்லை. வடிகட்டிக்கு முன்னும் பின்னும் இரண்டு மெல்லிய குழாய்கள் இருக்கின்றன; அவற்றின் அழுத்த வேறுபாட்டை ஒரு சென்சார் அளக்கிறது. அந்த அளவோடு, வண்டி எவ்வளவு ஓடியது, எவ்வளவு டீசல் எரிந்தது என்ற கணக்கையும் சேர்த்துக் கம்ப்யூட்டர் ஓர் ஊகத்துக்கு வருகிறது. ஆகவே முதலில் சோதிக்க வேண்டியது ஊகத்தின் ஆதாரத்தை. என்ஜினை ஓடவிடாமல் சாவியை மட்டும் போட்டால், காற்றோட்டமே இல்லாத நிலையில், அழுத்த வேறுபாடு பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும். அப்போதும் ஓர் எண்ணைக் காட்டினால் சென்சாரே பொய் சொல்கிறது. முன்பக்க ரப்பர் குழாய் வெடித்திருந்தாலோ கழன்றிருந்தாலோ நேர்மாறான கூத்து நடக்கும்: வேறுபாடு இல்லாமல் போய், வடிகட்டி தன் வேலையைச் செய்யவில்லை என்று பி 2002 விழும். உள்ளே வடிகட்டி நன்றாகத்தான் இருக்கும். சில நூறு ரூபாய்க் குழாயால், வண்டியின் மிக விலையுயர்ந்த பாகங்களில் ஒன்று குப்பைக்குப் போகும்.

கரி உண்மையிலேயே சேர்ந்திருந்தாலும் வடிகட்டிமேல் பழி போட முடியாது. அது கரியை உண்டாக்குவதில்லை. மற்ற பாகங்கள் செய்த கரியைச் சுமக்கிறது. இன்டர்கூலர் குழாயில் காற்றுக் கசிவு, டீசலைச் சரியாகத் தூவாத இன்ஜெக்டர், புகையில் ஒரு பகுதியை மீண்டும் என்ஜினுக்குள் விடும் இஜிஆர் வால்வு திறந்தபடி சிக்கிக்கொள்வது ஆகிய மூன்றில் எது இருந்தாலும் எரிதல் கெட்டுக் கரி பெருகும். புது வடிகட்டியும் சீக்கிரமே அடைத்துக்கொள்ளும். ஓட்டும் முறைக்கும் இதில் பங்குண்டு. சேர்ந்த கரியை எரிக்க வடிகட்டி ஏறத்தாழ 600 டிகிரிக்குச் சூடாக வேண்டும். அதற்காகக் கூடுதல் டீசல் செலுத்தப்படுகிறது. நிறுத்தி நிறுத்திக் குறுகிய தூரமே ஓடும் வண்டியில் இந்த எரிப்பு பாதியிலேயே அறுபடும். எரியாத டீசல் சிலிண்டர் சுவர் வழியாக இறங்கி ஆயிலில் கலக்கும். டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் குறைவதற்குப் பதிலாக ஏறியிருந்தால் அதைவிடத் தெளிவான தடயம் வேண்டியதில்லை. அதைப் பார்க்க ஸ்கேனரும் தேவையில்லை.

இஜிஆர் வால்வைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அது திறந்தபடி சிக்கினால் கரி கூடி, புகார் டிபிஎஃப் மீது வரும். மூடியபடி சிக்கினால் எரியும் வெப்பம் உயர்ந்து நைட்ரஜன் ஆக்சைடு கூடும். யூரியாவால் ஈடுகொடுக்க முடியாமல் புகார் எஸ்சிஆர் மீது வரும். குற்றம் செய்த பாகம் ஒன்று, பெயர் கெட்டுப்போவது வேறு இரண்டு. புகைக்குழாயில் புகார் எங்கே எழுந்ததோ அங்கேயே நிற்காமல் என்ஜினை நோக்கிப் பின்னோக்கி நடப்பதுதான் இந்தத் தொழிலின் முதல் பாடம்.

இந்தச் சாதனங்களிலேயே விசித்திரமானது நைட்ரஜன் ஆக்சைடை அளக்கும் சென்சார். அதன் உள்ளே சிர்கோனியா என்ற பீங்கான் துண்டு சுமார் 800 டிகிரி வெப்பத்தில் இருக்கும். அந்தச் சூட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டாலும் விரிசல் விடும் என்பதால், புகைக்குழாயில் ஈரம் காயும்வரை சென்சார் வேலையையே தொடங்காது. தொடங்கியபின் அதன் முதல் அறையில் புகையிலுள்ள ஆக்சிஜன் வெளியேற்றப்படுகிறது. அடுத்த அறையில் நைட்ரிக் ஆக்சைடு உடைந்து, அதிலிருந்து பிரியும் ஆக்சிஜன் அணுக்கள் மிகச் சிறிய மின்னோட்டமாக அளக்கப்படுகின்றன. ஒரு மின்னோட்டத்தைப் பார்த்து நச்சு வாயுவை எண்ணிச் சொல்லும் இந்தக் கருவிக்கு ஒரு குறை உண்டு: அம்மோனியாவையும் நைட்ரஜன் ஆக்சைடையும் அதனால் பிரித்தறிய முடியாது. அம்மோனியா முதல் அறையிலேயே எரிந்து நைட்ரிக் ஆக்சைடாக மாறி, அந்தக் கணக்கிலேயே சேர்ந்துவிடும்.

இதன் விளைவைப் பாருங்கள். யூரியாக் கரைசல் சூட்டில் அம்மோனியாவாகப் பிரிந்துதான் நைட்ரஜன் ஆக்சைடை அழிக்கிறது. கரைசல் குறைந்தால் அழியாத நைட்ரஜன் ஆக்சைடு வெளியே வரும். எஸ்சிஆருக்குப் பின்னால் உள்ள சென்சார் உயர்ந்த எண்ணைக் காட்டும். கரைசல் மிஞ்சினால் எச்ச அம்மோனியா வெளியே வரும். அப்போதும் அதே சென்சார் உயர்ந்த எண்ணையே காட்டும். இரண்டுக்கும் பி 20இஇ விழலாம். பொருள் எஸ்சிஆரின் திறன் போதவில்லை என்பதே. உபாதை நோயால் வந்ததா, கொடுத்த மருந்தால் வந்ததா என்று தெரியாதபோது மருந்தை நிறுத்திப் பார்க்கும் வைத்தியரைப் போல, இங்கே யூரியாவைக் குறைத்துப் பார்ப்பதுதான் வழி. எண் இறங்கினால் வந்தது அம்மோனியா; ஏறினால் நைட்ரஜன் ஆக்சைடு. நன்கு எழுதப்பட்ட கம்ப்யூட்டர் நிரல்கள் இந்தச் சோதனையைத் தாமே செய்கின்றன. எஸ்சிஆருக்கு முன்னால் உள்ள சென்சாரும் ஏமாற்றக்கூடும். திறன் என்பது முன்னால் உள்ளதில் எவ்வளவு அழிந்தது என்ற கணக்கு. கரி படிந்த முன் சென்சார் உள்ளதைக் குறைத்துச் சொன்னால், எஸ்சிஆரின் நல்ல வினையூக்கியும் சோம்பேறியாகத் தெரியும்.

கரைசலின் தரமும் இந்த விசாரணையில் சேர்ந்ததே. ஆட்ப்ளூவில் 32.5 சதவீதம் சுத்தமான யூரியா இருக்க வேண்டும். வயலுக்குப் போடும் வேப்பெண்ணெய் பூசிய யூரியாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றினால் அதிலுள்ள எண்ணெயும் உப்புகளும் தெளிப்பானை அடைக்கும், வினையூக்கியில் படியும். விவசாயிக்கென்று அரசு கொடுத்த மானியத்தையும் வண்டியையும் ஒரே குடத்தில் கரைக்கும் காரியம் அது.

ஆகவே குறியீட்டை அழிப்பது பழுதுபார்ப்பின் கடைசி வேலையாக இருக்க வேண்டும். புகார் எழுந்த கணத்தில் வேகம் என்ன, என்ஜின் சுற்று என்ன, கூலன்ட் வெப்பம் என்ன, சுமை என்ன என்று கம்ப்யூட்டர் ஒரு பதிவு வைத்திருக்கும். ஸ்கேனரில் ‘கிளியர்’ பொத்தானை அழுத்தினால் அந்தத் தடயமும் கூடவே அழியும். முதலில் எல்லாக் குறியீடுகளையும் பதிவையும் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு பேட்டரி மின்னழுத்தம், கனெக்டர்கள், குழாய்கள், ஆயில் மட்டம். அதன்பின் ஓடும் என்ஜினின் நேரடி அளவுகள். பாகம் மாற்றுவது அதற்கும் பிறகு.

இவ்வளவு தொல்லை எதற்கு, சாதனங்களையே கழற்றி எறிந்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. பழைய டீசல் வண்டிகள் இவை இல்லாமல் ஓடவில்லையா, ஒரு வண்டியின் புகையால் உலகம் கெட்டுவிடுமா என்பது அவர்கள் வாதம். ஓடின, ஆனால் அந்தப் புகையைச் சுவாசித்தவர்கள் கணக்கில் வரவில்லை. டீசல் புகை மனிதர்களுக்குப் புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012-இல் வகைப்படுத்தியது. ‘ஒரு வண்டி’ என்ற வாதத்துக்கு அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் 2020-ஆம் ஆண்டு அறிக்கையில் பதில் இருக்கிறது. அதன் மதிப்பீட்டின்படி, ஏறத்தாழ பத்தாண்டுகளில் ஐந்தரை லட்சத்துக்கும் மேற்பட்ட டீசல் பிக்கப்களில் மாசுக் கட்டுப்பாடு நீக்கப்பட்டது. காற்றுக்கு அது கூடுதலாக 90 லட்சம் முறையான பிக்கப்களைச் சாலையில் இறக்கியதற்குச் சமம். ஒவ்வொருவரும் தம்முடையது ஒரே ஒரு வண்டிதான் என்று நினைத்துத்தான் அந்தக் கணக்கு அங்கே போய் நின்றது.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு: நிறுவனங்களே ஏமாற்றும்போது ஓட்டுநர் மட்டும் யோக்கியனாக இருக்க வேண்டுமா? 2013 முதல் 2019 வரையிலான சுமார் 6.3 லட்சம் ராம் பிக்கப்களின் என்ஜின்களில் சோதனையை ஏய்க்கும் மென்பொருள் இருந்ததாக அமெரிக்க அரசு குற்றஞ்சாட்டியது. அந்த என்ஜின்களைச் செய்த கம்மின்ஸ் நிறுவனம் தவறை ஒப்புக்கொள்ளாமலே 167.5 கோடி டாலர் அபராதத்துக்கு இணங்கியது. கோபம் நியாயமானது. ஆனால் அந்த வழக்கே, சாதனங்கள் ஒழுங்காக வேலை செய்ய வேண்டும் என்று கேட்ட வழக்கு. அதைக் காட்டிச் சாதனங்களைக் கழற்றுவது, ஏய்த்தவர் விட்ட இடத்திலிருந்து நாம் தொடர்வதாகும்.

சிறு பட்டறைக்காரரின் குறை வேறு. கையிலுள்ள ஸ்கேனர் பொதுக் குறியீடுகளை மட்டும் படிக்கிறது. கரியை எரிக்கும் கட்டளை கொடுக்கவோ யூரியாத் தெளிப்பைச் சோதிக்கவோ பெரும்பாலும் நிறுவனக் கருவி வேண்டியிருக்கிறது. இது உண்மையான குறை. விற்ற வண்டியைச் சரிபார்க்கும் தகவலைப் பூட்டி வைக்கும் உரிமை யாருக்கும் இருக்கக் கூடாது. அதே நேரம் அரசின் சோதனையும் மாற வேண்டும். நம் மாசுக் கட்டுப்பாட்டுச் சான்றிதழ் டீசல் வண்டியில் புகையின் அடர்த்தியைத்தான் பார்க்கிறது. நைட்ரஜன் ஆக்சைடை அளப்பதில்லை. கலிஃபோர்னியாவில் 2010 முதல் டீசல் வண்டிகளும் ‘ஸ்மாக் செக்’ சோதனைக்குள் வந்து, கம்ப்யூட்டரின் பதிவுகளும் வாசிக்கப்படுகின்றன. 2019 முதல், ஸ்கேனரால் அழிக்க முடியாத நிரந்தரக் குறியீடுகளும் அங்கே கணக்கில் சேர்கின்றன. கோளாறு உண்மையிலேயே தீர்ந்ததைக் கம்ப்யூட்டர் தானே சோதித்து உறுதிசெய்தால்தான் அவை நீங்கும். விளக்கை அணைத்துக் கொடுத்தால் போதும் என்ற வியாபாரத்துக்கு அங்கே இடம் குறைகிறது. இங்கும் அது வரும்வரை வண்டிக்காரர் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது: பட்டறையில் “எந்தப் பாகம் போச்சு?” என்று கேட்பதை விட்டு, “இந்தக் கோடு ஏன் வந்தது, எதைச் சோதித்துப் பார்த்தீங்க?” என்று கேட்பது. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தெரிந்த மெக்கானிக்குக் கூலி கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாலும் நஷ்டமில்லை.